பூச்சியத்தை எங்கே வைத்தார்கள்?

முதலில் கண்ணில் பட்டது கம்பிதான். எங்கள் வளவுக்குத் தெற்கே நான்கு பரப்புக் காணியில் ஆறு தொடர் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு, அதற்கு மேல் ஓட்டுக்கூரை என்றுதான் ஒழுங்கையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். ஓடு வரவேண்டிய இடத்தில் ஒரு நாள் கொங்கிறீற் தளம் வந்தது. அதற்கு மேலே, ஒவ்வொரு தூணின் தலையிலும் நான்கு கம்பிகள் இடுப்பளவு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன.

அன்று கிணற்றுக்கட்டுக்குப் பூச்சு வேலை செய்ய வந்திருந்த மேசனார்தான் அதை எனக்கு விளக்கினார். "ரீச்சர், கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசியிருக்கிறார்கள், பாருங்கள். வெட்டி எறியப்போகிற கம்பிக்குத் துருப்பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? பால் பூசினால் இன்னொரு தட்டு வருகிறது என்று அர்த்தம்."

அடுத்த ஐந்து மாதங்கள் இந்தக் கம்பிகளுக்குப் பின்னால் அலைந்தேன். எந்த உள்ளூராட்சிச் சபை, எந்தக் கட்டட நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. அவர்கள் செய்தது அப்படி ஒன்றும் ஊரில் இல்லாத குற்றம் அல்ல; என் பக்கத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அது பிறகு வரும்.

நான் 31 ஆண்டுகள் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். நல்லூர்ப் பக்கத்தில் அம்மாவின் சீதன வீட்டில் இருக்கிறேன். நாற்சார் வீடாக இருந்தது. இப்போது இரண்டு சார் மட்டும் மிச்சம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். இடிந்த இரண்டு சாரையும் அப்போது கட்ட முடியவில்லை. கட்ட முடிந்தபோது பிள்ளைகள் இங்கே இல்லை. ஆகவே, யாராவது புதிதாகக் கட்டினால் எரிச்சல்படுகிற ஆள் அல்ல நான். சீமெந்து மூட்டை லொறியில் வந்து இறங்குவதை இன்னும் கொஞ்சம் அதிசயமாகத்தான் பார்க்கிறேன்.

கட்டட வேலையைப் பார்க்கிற பொறியியலாளர் என்னிடம் படித்த பையன். படலையில் நின்று கூப்பிட்டேன்.

"தம்பி, எத்தனை தட்டு?"

"மூன்று, ரீச்சர். திருத்திய வரைபடம் சபையில் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் எடுப்பார்கள்."

"எடுக்க முன்னமே கம்பி விட்டுவிட்டீர்களா?"

"கம்பி விடுவதற்கு அனுமதி தேவையில்லை, ரீச்சர்" என்று சிரித்தான். சட்டப்படி அவன் சொன்னது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. கம்பி ஒருமுறை நின்றுவிட்டால் கதை பாதி முடிந்துவிடுகிறது என்பது மட்டும் தெரியும். கூட்டத்தில் இருப்பவர்கள் அதன் பிறகு பார்ப்பது தாளை அல்ல, கட்டடத்தை. உங்கள் அயலில் இப்படி ஏதேனும் நடந்தால், இரண்டாம் தளத்துக்குப் பலகை அடிக்கிற கிழமையிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். கொங்கிறீற் காய்ந்த பிறகு கேட்கிற கேள்விக்கு எல்லோருக்கும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

சபைக்குப் போனேன். கட்டட அனுமதி என்பது உள்ளூர்ச் சபையின் தனி விவகாரம் என்று நினைத்திருந்தேன். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அந்த நாளில் அப்படித்தான் வைத்தது. பின்னர் 1978 இல் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் ஓர் இடம் பிரகடனப்படுத்தப்பட்டால், அங்கே அனுமதி வழங்கும் அதிகாரம் அந்த அதிகார சபைக்குரியது. அதைத்தான் உள்ளூராட்சிச் சபைகளிடம் கையளித்திருக்கிறார்கள். சபையில் ஒரு திட்டமிடல் குழு கூடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்றவர்களின் கருத்தும் அங்கே வருகிறது. இந்த அமைப்பைத் தெரிந்துகொண்டதால் வந்த பயன் ஒன்று உண்டு. யாரிடம் எதைக் கேட்பது என்று புரிந்தது. தண்ணீர், மலக்குழி பற்றிய கேள்வியை உயரம் பற்றிய கடிதத்துக்குள் புதைத்துவைத்தால் அது உரிய மேசைக்குப் போய்ச் சேராது.

முதல் நாள் கருமபீடத்தில் இருந்த பிள்ளை, "அது இன்னொருவருடைய கோப்பு, அம்மா. உங்களுக்குக் காட்ட முடியாது" என்றாள். கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினேன். கேட்டவை நான்கு: முதலில் அனுமதித்த வரைபடத்தைப் பார்வையிடல், இப்போது கொடுத்திருக்கிற திருத்தத்தைப் பார்வையிடல், முதல் அனுமதியோடு விதித்த நிபந்தனைகளின் பிரதி, திருத்தம் எந்தத் திகதியில் கையேற்கப்பட்டது என்ற விபரம். "எல்லாத் தகவல்களையும் தருக" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒன்றும் வராது. தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்குப் பத்தாம் நாளே அழைப்பு வந்தது. வரைபடத்தின் பிரதி தரவில்லை. அதை வரைந்தவரின் உரிமை என்றார்கள். மேசையில் விரித்து வைத்துப் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் விட்டார்கள். அது போதும். கணித வாத்தியாரம்மாவுக்குப் பிரதி எதற்கு?

வரைபடத்தைத் திறந்ததும் முன்தோற்றத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அழகாக இருக்கும். பூச்சாடி இருக்கும், ஒரு கார் இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையும் தாயும் நடப்பார்கள். அதை ஒதுக்கிவிட்டு வெட்டுமுகத்தைத் தேடுங்கள். கட்டடத்தைப் பாண் வெட்டுவதுபோல் நடுவே வெட்டிக் காட்டும் படம் அது. உயரங்கள் அங்கேதான் இலக்கத்தில் இருக்கும்.

வெட்டுமுகத்தில் மூன்று தட்டுகள், ஒவ்வொன்றும் 3.3 மீற்றர், மொத்தம் 9.9 மீற்றர் என்று எழுதியிருந்தது. பத்துக்கு அரைச் சாண் குறைவு; பார்க்க அடக்கமான எண். கீழே ஒரு தடித்த கோடு, அதில் "முடிவுற்ற நிலமட்டம் 0.00". வீதியின் மட்டம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. பக்கத்து வளவின் மட்டமும் இல்லை.

எட்டாம் வகுப்பில் எண்கோடு படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, "பூச்சியத்தை எங்கே வைக்கிறது, ரீச்சர்?" என்று கேட்கும். "உன் விருப்பம், ஆனால் வைத்த பிறகு மாற்றக்கூடாது" என்பேன். இங்கே பூச்சியத்தை மண் நிரப்பிய மேட்டின் மேலே வைத்திருந்தார்கள். முன்பு அந்தக் காணி வீதியைவிடத் தாழ்ந்து கிடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கும். தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. அத்திவாரம் போட முன்னர் லொறி லொறியாகக் கிரவல் பறித்து அதை மேடாக்கியிருந்தார்கள். வெள்ளம் வருகிற ஊரில் நிலத்தை உயர்த்துவது நியாயமான வேலைதான். ஆனால் உயர்த்திய மேட்டை வரைபடத்தில் காட்டாமல் அதன் தலையிலிருந்து அளக்கத் தொடங்கினால், அந்த மேடு யாருடைய கணக்கிலும் சேராது. என் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற எனக்கோ அது முழுக்கவும் உயரம்தான்.

எவ்வளவு மேடு? அதை அளக்காமல் சபைக்கு எழுதினால் புலம்பல் என்றுதான் வாசிப்பார்கள்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி நட்டேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது; நண்பகல் நிழல் வடக்கே, எங்கள் பக்கம் விழும். நண்பகல் என்பது மணிக்கூட்டின் பன்னிரண்டு அல்ல. நம் நாட்டு நேரம் எங்கள் தலைக்கு நேரான நேரத்தைவிடச் சற்று முந்தி ஓடுவதால் தை நடுவில் அது ஏறத்தாழ 12.20க்கு வரும். தடியின் நிழல் 60 சென்ரிமீற்றர். இரண்டாம் தளத்தின் விளிம்பு நிழல் எங்கள் மதிலைத் தாண்டி 1.8 மீற்றர் உள்ளே விழுந்தது. மதிலுக்கும் சுவருக்கும் இடையே 3 மீற்றர். ஆக 4.8 மீற்றர் நிழல், 8 மீற்றர் உயரம். வரைபடத்தின்படி அந்தத் தளம் 6.6 மீற்றரில் இருக்க வேண்டும். ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட எங்கேயோ காணாமல் போயிருந்தது.

மேசனார் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நிழலை நம்பி ஒருவரும் வீடு கட்டுவதில்லை, ரீச்சர்." மறுநாள் தண்ணீர்க் குழாயோடு வந்தார். ஒளிபுகுகிற நீளமான குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வீதி நடுவிலும் மறு முனையை மதிலோரத்திலும் பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்கு மட்டம் பார்த்த கருவி அது! விலையோ ஒரு பிளாஸ்ரிக் குழாயின் விலை. வீதியைவிட அவர்களுடைய நிலம் 2 அடி 11 அங்குலம் மேலே. எங்கள் முற்றம் வீதியைவிட 1 அடி 4 அங்குலம் கீழே. மொத்தம் 4 அடி 3 அங்குலம், அதாவது 1.3 மீற்றர். 6.6 உடன் கூட்டினால் 7.9. நான் நிழலில் எடுத்தது 8. பத்துச் சென்ரிமீற்றர் பிழை. எனக்கு நானே தொண்ணூற்றெட்டுப் புள்ளி போட்டுக்கொண்டேன்.

இதே கணக்கை மூன்றாம் தட்டுக்குப் போட்டால், எங்கள் முற்றத்திலிருந்து 11.2 மீற்றர். படிக்கட்டு முடிகிற மேலறையும் தண்ணீர்த் தாங்கியும் வேறு, அவை 9.9 என்ற எண்ணுக்குள் இல்லை. மார்கழியில், நிழல் மிக நீளமாகிற நாளில், இரண்டு தட்டாக இருந்தால் மதிலைத் தாண்டி 2.1 மீற்றர் விழும். மூன்று தட்டானால் 4.3 மீற்றர். இரண்டரை மீற்றரிலிருந்து ஐந்து மீற்றர் வரைதான் எங்கள் சீமெந்துத் தரை. மாரியில் கிண்டுகிற பனங்கிழங்கை அவித்துப் புழுக்கொடியலாகவும், பச்சையாகக் கிழித்து ஒடியலாகவும் காயவைப்பது அந்தத் தரையில். ஒடியலுக்காக ஒரு கட்டடத்தை நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். நிழலைப் பற்றி விதிமுறையில் எனக்கென்று ஒரு வரியும் கிடைக்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் எழுதினேன், ஒரே ஒரு வரியாக.

உண்மையில் விஷயத்தைத் திருப்பிய சங்கதி உயரம் அல்ல.

இரண்டாம் முறை கோப்பைப் பார்க்கப் போனபோது பழைய தள அமைப்புப் படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விண்ணப்பத்தின் தலைப்பில் "உயரத் திருத்தம்" என்றுதான் இருந்தது. படத்திலோ மலக்குழியின் ஊறுகுழி, அதாவது கழிவுத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிற குழி, இடம்மாறியிருந்தது. ஏன்? தட்டுக் கூடினால் தளப்பரப்புக் கூடும். தளப்பரப்புக் கூடினால் வாகனம் நிறுத்த இன்னும் இடம் காட்ட வேண்டும். முன்பக்கத்தில் இரண்டு வாகனங்களுக்குக் கோடு போட்டார்கள். அங்கே இருந்த ஊறுகுழி பின்பக்க மூலைக்கு வந்துவிட்டது. பழைய படத்தில் எங்கள் கிணற்றுக்கும் அதற்கும் 52 அடி. புதியதில் 38 அடி.

அந்தக் கிணறு எனக்கு மட்டும் சொந்தமானது அல்ல. மூன்று வீட்டுப் பங்குக் கிணறு. காணி உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்று மூன்று தலைமுறையாக எழுதி வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. மழை பெய்து, சுண்ணக்கல்லில் இறங்கி, கீழே உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிற நன்னீரைத்தான் குடிக்கிறோம். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. அடிகாணாத கிணறு என்று பெயரெடுத்த நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவருக்கும் நிலத்துக்குக் கீழே தண்ணீர் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மணல் நிலத்தில் ஊறுகுழித் தண்ணீர் வடிந்து வடிந்துதான் போகும். சுண்ணக்கல்லில் ஒரு வெடிப்பு அகப்பட்டால் போதும், வடிகட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஐம்பது அடி என்று ஊரில் எல்லோரும் சொல்கிற கணக்கே எங்கள் நிலத்துக்குக் கொஞ்சம் தாராளமான நம்பிக்கைதான். இதில் 38 அடியில், ஆறு வீட்டில் மூன்று தட்டுச் சனத்தின் கழிவு.

உயரத்தைக் கூட்டிக் கேட்கிற விண்ணப்பத்தில் உயரம் மட்டும் மாறியிருக்காது. மேலே ஒன்று கூடினால் கீழே ஏதோ ஒன்று நகர்ந்திருக்கும். இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் மாடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது தெரியாது. முதல் முறை நானும் அப்படித்தான் எண்ணிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் ஒழுங்கையில் ஒரு மனு சுற்றியது. நாற்பதுக்கு மேல் கையெழுத்துகள். "எமது கலாசாரத்தைச் சீரழிக்கும் மாடிக் கட்டடங்களை உடன் நிறுத்துக" என்று தொடங்கியது. எழுதியவருடைய மகன் கொழும்பில் பதினாறாம் மாடியில் இருக்கிறார். என்னையும் கேட்டார்கள்; நான் கையெழுத்து வைக்கவில்லை. அதனால் இரண்டு வீட்டுக்காரர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிணற்றுப் பங்குக்காரர் மூவரும் சேர்ந்து ஒன்றரைப் பக்கத்தில் தனியாக எழுதினோம். முதல் பந்தியில் நாம் யார், எந்த எல்லையில் இருக்கிறோம் என்பது. இரண்டாவதில் மட்டக் கணக்கு, அளந்த திகதியோடு. மூன்றாவதில் 52, 38. நான்காவதில் நாங்கள் கேட்பது: வீதி மட்டத்தையும் அயல் வளவு மட்டத்தையும் காட்டி வெட்டுமுகத்தை மீண்டும் வரையச் சொல்லுங்கள், ஊறுகுழியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உறுதியில் கிணற்றுப் பங்கு வரும் பக்கத்தின் பிரதியை இணைத்தோம். கையால் கொடுத்து, நம் பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம். இன்னொன்றைப் பதிவுத் தபாலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அனுப்பினோம். திகதி முத்திரை வாங்காத கடிதம் எழுதாத கடிதம்தான்.

அரசியல்வாதி ஒருவரிடம் போகலாம் என்று பங்குக்காரர் ஒருவர் சொன்னார். போகவில்லை. அவர்களும் ஒருவரிடம் போவார்கள், பிறகு எந்த ஒருவர் பெரியவர் என்ற கணக்காகிவிடும்.

பொறியியலாளருக்கு நியாயமாக இருக்க வேண்டுமானால் அவன் சொன்னதையும் எழுத வேண்டும். கடிதம் போன பிறகு ஒரு மாலை வந்தான். கோபமாகத்தான் வந்தான்; கோப்பி கொடுத்ததால் இருந்து பேசினான். "ரீச்சர், எல்லோரும் ஒரு தட்டு வீடுதான் கட்ட வேண்டும் என்றால் வயல் முழுவதும் வீட்டுக்காணியாகிவிடும். தோட்டக் காணிகளைத் துண்டு போடுகிறார்கள், பார்க்கவில்லையா? மேலே போகாவிட்டால் அகலத்தில் போக வேண்டும். அகலத்துக்கு எங்கே நிலம்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பதினொரு மாடிக் கோபுரத்தோடு யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் எழும்பியபோது நாங்கள் எல்லோரும் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். "மேலே போ, தம்பி. எங்கிருந்து தொடங்கினாய் என்று மட்டும் தாளில் எழுது" என்றேன். கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகு எனக்கு வீடு வாங்கியவர்களின் நினைப்பு வந்தது. பின்வரிசையில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருந்த தாதிப் பிள்ளையும் கணவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் காட்டியது மூன்று தட்டுப் படம். அதற்கு அனுமதி இன்னும் வரவில்லை என்று சொல்லப்படவில்லை. இப்படித் தொடர் வீடு வாங்குகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலேயே வாங்குகிறவர்கள் குறிப்பாக, விற்பனைப் படத்தை மூடிவைத்துவிட்டு அனுமதித்த வரைபடத்தைக் கேளுங்கள். அதில் சபையின் முத்திரையும் திகதியும் எத்தனை தட்டுக்கு இருக்கிறது என்று பாருங்கள். கட்டி முடிந்த பிறகு குடிபுக முன்னர் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அனுமதித்ததும் கட்டியதும் ஒன்றாக இல்லாவிட்டால் அது வராது. கடைசிப் பணத்தை அந்தச் சான்றிதழோடு கட்டிவைத்து ஒப்பந்தம் எழுதும்படி உங்கள் நொத்தாரிசிடம் சொல்லுங்கள். முற்பணம் கொடுத்துவிட்டுச் சான்றிதழுக்கு அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மேல்தட்டு இருக்கிறது, தாளில் இல்லை.

மாசி கடைசியில் கள ஆய்வுக்கு வந்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் முறையான மட்டக்கருவியோடு வந்தார். எங்கள் தண்ணீர்க் குழாயின் கணக்குக்கும் அவருடையதற்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். மேசனார் அதை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பரிசோதகர் கிணற்றிலிருந்து ஊறுகுழிக்கு நாடா பிடித்தார். 38 அடி 4 அங்குலம். எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் எங்கள் பக்க மதிலோரம் மெல்ல நடந்தார். நின்றார்.

"இது எப்போது கட்டியது, அம்மா?"

2011 இல், என் கணவர் படுக்கையில் விழுந்தபோது, அவருக்கு வசதியாக ஒரு கழிப்பறையை வீட்டோடு ஒட்டி மதில்வரை இழுத்துக் கட்டினோம். சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு. எந்த அனுமதியும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் சபை, வரைபடம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை. மதிலுக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அதைவிட வெட்கம், அதன் குழியிலிருந்து கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று இந்தப் பதினைந்து வருடத்தில் நான் ஒரு நாளும் அளந்ததில்லை. பரிசோதகர் அளந்தார். 44 அடி.

பொறியியலாளர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றான். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

முறைப்பாடு எழுத உட்காருகிறவர்கள் முதலில் தங்கள் வளவை நாடா வைத்து ஒருமுறை சுற்றிவாருங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

பங்குனியில் குழு முடிவெடுத்தது. திருத்தம் அப்படியே ஏற்கப்படவில்லை. மீள வரைந்து தரச் சொன்னார்கள். மீள வரைந்ததில் வீதி மட்டம் பூச்சியமாக வந்தது. அப்படி வந்ததும் எண் 10.8 ஆகிவிட்டது; உயரம் கூடினால் பின்னால் விடவேண்டிய வெளியும் கூட வேண்டும் என்பது விதி. பின்வரிசைக்கு அந்த வெளி இல்லை. முடிவாக வீதியோர மூன்று வீடுகளுக்கு மட்டும் மூன்றாம் தட்டு; எங்கள் பக்கத்து மூன்றும் இரண்டோடு நின்றன. ஊறுகுழி முன்பக்கத்துக்குத் திரும்பியது. வாகனத் தரிப்பிடத்தில் ஒன்று குறைந்தது. மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் வராமல் அவர்களுடைய வளவுக்குள்ளேயே இறங்கக் குழிகள் வெட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். அதை நாங்கள் கேட்கவே இல்லை. உத்தியோகத்தர் மட்டம் பார்த்தபோது அவரே கண்டுபிடித்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே தண்ணீர் போகும்.

கேட்டுக் கிடைக்காதவையும் உண்டு. எங்கள் கிணற்றடியைப் பார்க்கிற மேல்தட்டு ஜன்னல்களை உயர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தோம். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இனி அது இல்லை. கிடுகு வாங்கி ஒரு மறைப்புக் கட்டினேன். இரண்டு தட்டு நிழல் எப்படியும் விழுகிறது. ஒடியல் பாயை இப்போது கிழக்குப் பக்கம் நகர்த்திப் போடுகிறேன். கம்பிகளைப் பின்வரிசையில் வெட்டினார்கள். அந்தச் சத்தம் இரண்டு நாள் கேட்டது. தாதிப் பிள்ளை மேல் அறை ஒன்றை இழந்தாள். விலையைக் குறைத்துக் கொடுத்தார்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கழிப்பறையை முறைப்படுத்த எனக்கு மூன்று மாதத் தவணை தந்திருக்கிறார்கள். குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வெட்ட வேண்டும், அனுமதியின்றிக் கட்டியதற்கான கட்டணமும் கட்ட வேண்டும். படவரைஞர் போன கிழமை வரைபடத்தைக் கொண்டுவந்தார். முன்தோற்றத்தில் பூச்சாடி எல்லாம் போட்டு அழகாகத்தான் வரைந்திருந்தார், ஒரு கழிப்பறைக்கு. வெட்டுமுகத்தில் வீதி மட்டம் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.